பிளான் பாயின் பத்தாம் நம்பர்

வேலையைத் தொடங்காமலே பக்கத்தில் இருப்பவர்களைக் களைத்துப்போக வைக்கும் வித்தை திருவிடைமருதூர் வட்டாரத்திலேயே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் பிளான் பாய். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

எங்கள் அரிசி ஆலை ஆபீசில் புதுக் கம்ப்யூட்டர்களுக்கு ஓ.எஸ். போடக் கூப்பிட்டோம். வாரம் ஒன்று ஓடிப்போச்சு. யார் எங்கே உட்காருவார்கள், கேபிள் எந்தச் சுவரோரம் வரும், டிஸ்க்கை எத்தனையாகப் பிரிப்பது என்று கேள்விதான் வந்தது, ஓ.எஸ். வரவில்லை.

“பாய், எப்பத்தான் போடுவீங்க?” என்று முதலாளி கத்தினார்.

“நாத்தங்கால் தயார் பண்ணாம விதை விடுவீங்களா மொதலாளி? உங்க கம்ப்யூட்டருக்கு ஒரு பேரு சொல்லுங்க.”

“எருமைன்னு வைங்க!”

மனுஷன் வைத்தேவிட்டார். முதலாளி கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல் எடுக்கப் போனால் இன்றைக்கும் ‘எருமையுடன் இணைக்க முடியவில்லை’ என்றுதான் திரை சொல்கிறது.

அடுத்து ஐ.பி. நம்பர். கம்ப்யூட்டருக்குக் கதவிலக்கம் மாதிரி. அதைத் தானாகக் கிடைக்க விடமாட்டார், தன் கையால்தான் ஒதுக்குவார். ஒன்பது வரை வந்தவர் பதினொன்றுக்குத் தாவினார்.

“பத்து எங்க பாய்?” என்றேன்.

“நம்ம பையனுக்கு. குவைத்துலேர்ந்து வந்துட்டான்னா ரெண்டு பேருமா சேந்துதான் சர்வீஸ். அவன் லேப்டாப்புக்கு ஒரு எடம் வேணாமா?”

மாயவரம் வரை அவர் கைவைத்த ஆபீஸ் அத்தனையிலும் பத்து காலிதான். பிரிண்டருக்கு அதைக் கேட்டு முதலாளி குதித்தார். “துண்டு போட்டாச்சு மொதலாளி” என்றார் பாய், பஸ்ஸில் சீட் பிடித்தவர் போல.

பையன் பெருநாளுக்குப் பெருநாள் வருவதாகச் சொன்னான், வரவில்லை. ஒருநாள் பாய் கூப்பிடாமலே வந்து நின்றார்.

“அவன் அங்கயே இருந்துக்கறானாம். பத்தை பிரிண்டருக்கே குடுத்துடுங்க.”

ஒரு கேள்வியும் கேட்காத பாயை அன்றுதான் பார்த்தேன்.

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பிரிண்டர் இருக்குற நம்பர்லயே நல்லாத்தான் ஓடுது. டீயைக் குடிங்க பாய்.”

போன ஐப்பசி மழையில் பாய் நெஞ்சுவலியில் மவுத்தாகிவிட்டார். அடக்கம் முடிந்த பிறகுதான் பையனால் வந்து சேர முடிந்தது. மறுநாள் லேப்டாப்போடு எங்கள் ஆபீசுக்கு வந்தான்.

“சார், வீட்ல கரண்ட் இல்ல. லீவு கேட்டு கம்பெனிக்கு மெயில் போடணும்.”

கேபிளைச் செருகினான். நெட் வரவில்லை.

“இங்க நம்பரைக் கையாலதான் போடணும் தம்பி” என்றேன்.

“எது சார் காலியா இருக்கு?”

முதலாளி எருமையிலிருந்து தலை தூக்கவில்லை. “பத்து. உங்க அத்தா ஒனக்குத் துண்டு போட்டு வச்சிருக்காரு.”

பையன் தட்டினான். உடனே நெட் கிடைத்தது. மெயிலை எழுதாமல் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதான்.

அவன் குவைத்துக்குத் திரும்பிப் போய்விட்டான். பத்து மறுபடி காலி. புதிதாக வரும் டெக்னீஷியன் யாராவது அந்த நம்பரைக் கேட்டால், “ஆள் வருது” என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.