பூச்சி மாஸ்டரின் தொட்டி மீன்

கொழும்பு வெள்ளவத்தையிலேயே தண்ணீர் குடிக்கப் பயந்த ஒரே வீடு எங்கள் போர்டிங் வீடுதான். காரணம் பூச்சி மாஸ்டர். சொந்தப் பெயர் மறந்துவிட்டது. அவர் மாஸ்டரும் இல்லை.

கொழும்புக்குக் குடிதண்ணீர் தரும் நீர்த்தேக்கத்தில் வலை போட்டுப் பூச்சி, நத்தை, புழு பிடிப்பது அவர் வேலை. எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்துத் தண்ணீரின் தரம் சொல்வாராம். இதற்குச் சம்பளம் வேறு. எனக்கு எரிச்சலாக இருக்கும்.

“போத்திலிலை அள்ளிச் சோதிச்சால் அள்ளின நேரத்துத் தண்ணியைத்தான் காட்டும். பூச்சி அங்கையே சீவிக்குது ஐசே. போன மாசக் கதையும் அதுக்குத் தெரியும்” என்று விளக்கினார் மாஸ்டர்.

“அப்ப பூச்சி இருந்தால் குடிக்கலாமோ?” என்று கேட்டேன்.

“எந்தப் பூச்சி எண்டு பாக்கோணும். கல்லுக்குக் கீழை மூண்டு வால் பூச்சி இருந்தால் நல்லம். சிவப்புப் புழு மட்டும் எண்டால் கூடாது.”

“ஒண்டுமே இல்லாட்டி?”

“ஓடித் தப்பும் ஐசே.”

இந்தக் குழப்பம் போதாதென்று, பின்வளவுச் சீமெந்துத் தொட்டியில் விரல் நீள மீன் ஒன்றை விட்டார். பைப்பில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும். சமையல், தேத்தண்ணி எல்லாம் அந்தத் தொட்டியை நம்பித்தான்.

“மீன் நீந்தினால் குடியுங்கோ. மிதந்தால் குடியாதேங்கோ.”

வீட்டுக்கார அன்ரி சுத்த சைவம். “மீன் ஊறின தண்ணியிலை நான் பொங்கிறதோ?”

“நீர்த்தேக்கத்திலை வாறது முழுக்க மீன் ஊறினதுதான் அன்ரி.”

அன்ரி அந்தத் தண்ணீரையே மொண்டுகொண்டு உள்ளே போய்விட்டார்.

வேலைக்குப் போகுமுன் எல்லோரும் மீனைச் சுகம் விசாரிக்கத் தொடங்கினோம். வெறுங்கையோடு விசாரிக்கலாமா? ஆளுக்கொரு துண்டு இடியப்பம் போட்டோம். ஒரு ஞாயிறு மீன் மிதந்தது.

“ஒருத்தரும் குடியாதேங்கோ!” என்று மாஸ்டர் அலறினார். அன்ரி அடுப்பை அணைத்தார். மாஸ்டர் தொட்டியின் அடியைத் துழாவினார். அழுகிய இடியப்பம் கை நிறைய வந்தது.

“மீன் சரியாத்தான் சொல்லியிருக்கு. தண்ணியைக் கெடுத்தது நீங்கள்!”

“அப்ப தண்ணி நல்லமோ, கூடாதோ?” என்று அன்ரி கேட்டார்.

“நல்லாத்தான் இருந்தது. இடியப்பத்தோடை கெட்டுது.”

“எனக்குத் தலை சுத்துது. நாளைக்கு விடிய அறையைக் காலி பண்ணும்.”

புழுப் போத்தல்களோடு வரும் மனிதருக்குக் கொழும்பில் யார் அறை கொடுப்பார்கள்? ஏற்கனவே இரண்டு வீடுகள் துரத்தியிருந்தன. மாஸ்டர் பெட்டி கட்டினார்.

விடிய தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பினோம். அன்ரி தேத்தண்ணிக் கேத்தலோடு வந்து குனிந்து பார்த்தார். உள்ளே எதுவும் நீந்தவில்லை. கேத்தலை முக்காமல் அப்படியே நின்றார்.

“இதை ஆர் நம்பிக் குடிக்கிறது?”

வாசலில் மாஸ்டர் பெட்டியோடு நின்றார்.

“என்ன பாக்கிறீர் மாஸ்டர்? பெட்டியை உள்ளை வைச்சுப்போட்டு ஒரு மீன் பிடிச்சுக்கொண்டு வாரும்.” பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “ஆராவது இடியப்பம் போட்டியளோ, கையை முறிப்பன்!”

இப்போது நான் கடையில் வாங்கும் போத்தல் தண்ணீர்தான் குடிக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. அந்த விசர் பிடித்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடிக்கலாம் போலிருக்கிறது.