திருக்கை அடித்த கன்னத்துக்குக் கார் நட்டஈடு

மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய சித்தப்பா, சட்டத்தரணி ஆனந்தராசா அவர்களுக்கு,

திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து உங்கள் பெறாமகன் இராகுலன் பணிவோடு எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம். என் வலது கன்னம் மட்டும் சுகமில்லை என்று நீங்களே காப்புறுதிக் கம்பனிக்கு எழுதியிருப்பதால், அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

உங்கள் மனுவை அம்மா வாசித்துக் காட்டினார். "நிரந்தரத் தழும்பினால் சிறுவன் வெளியில் தலைகாட்ட முடியாது மனமுடைந்து" என்று போட்டிருக்கிறீர்கள். சித்தப்பா, கட்டு அவிழ்த்த நாளிலிருந்து நான் வீட்டுக்குள் தலைகாட்டுவதுதான் குறைவு. காதடியில் தொடங்கி வாயோரம் வரைக்கும் கொட்டியாரக் குடாவின் கரை மாதிரி வளைந்து வருகிற இந்த வடிவை, அறைக்குள் வைத்து யாருக்குக் காட்டுவது?

நடந்தது இதுதான். எங்கள் கணக்கு ரீச்சர் ஜெயரூபி, கார் பழகுகிறவர், எல் போட் மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்தடிக்கு வந்தார், ரோட்டில் ஒரு மான் படுத்திருந்தது, ரீச்சர் வெட்டித் திருப்பினார், மாடு மாதிரி ஊருக்குள் திரிகிற எங்கள் ஊர் மான் எந்தக் காருக்கு எழும்பியிருக்கிறது, அது அசையவில்லை, கார் என் சைக்கிளில் மோதியது, நான் பறந்துபோய், ரோட்டோரம் மீன் விற்கிற முஹம்மது தம்பி நானாவின் மீன் பெட்டியில் விழ, தகர விளிம்பு கன்னத்தைக் கிழித்தது. எழும்பும்போது என் கையில் ஒரு திருக்கை மீன் இருந்தது. இது சத்தியம். அது ஏற்கனவே செத்த திருக்கையா என்று பள்ளிக்கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது பண்பல்ல.

"என்னடா முகத்தில?" என்றான் என் வகுப்பு நிப்றாஸ்.

"திருக்கை."

"சும்மா போடா."

"நானாட்டக் கேட்டுப் பார், திருக்கையோட கிடந்தனானா இல்லையா எண்டு."

கேட்டான். "ஓம் மகன், இறுக்கிப் புடிச்சிக்கிட்டுத்தான் கிடந்தார், நான்தான் புடுங்கி எடுத்தன்" என்றார் நானா. இடைவேளைக்குள் திருக்கைக்கு உயிர் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விடும்போது அது தோணியளவு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால், நான் அதை நிலாவெளியிலிருந்து வாலில் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன்.

இந்த நேரம் பார்த்துக் காப்புறுதி உத்தியோகத்தர் பள்ளிக்கூடத்துக்கு விசாரிக்க வந்தார்.

"கார் அடிச்ச பொடியன் ஆர்?"

"காரோ? அவனைத் திருக்கையெல்லோ அடிச்சது" என்றார் வாசல் காவலாளி.

ரீச்சரே ஓடிவந்து, "நான்தான் சேர் இடிச்சனான்" என்றார்.

"பாவம் ரீச்சர். பிள்ளையள் எண்டா உயிர். எல்லாப் பழியையும் தன்ர தலையில போடுறா" என்றார் காவலாளி.

உத்தியோகத்தர் விசாரணைக் கோப்பை மூடிக்கொண்டு போய்விட்டார். நட்டஈடு கிடைக்காவிட்டால் கன்னத்தை எப்படிச் சரிப்பண்ணுவது என்று அம்மா அழுகிறார். உண்மையைச் சொல்லியும் நம்புகிறார்கள் இல்லை என்று ரீச்சர் அழுகிறார். நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டு திரிகிறேன், அதுவும் தழும்பு இழுபட, இன்னும் எடுப்பாக.

ஆகவே சித்தப்பா, வழக்கை மீளப் பெறுங்கள். இழந்தவனுக்குத்தானே நட்டஈடு? எல் போட் காரில், அதுவும் கணக்கு ரீச்சரிடம் அடிபட்டவன் என்று ஊர் அறிந்தால், அந்தத் தழும்பை எந்த டொக்டராலும் அழிக்க ஏலாது.

சித்திக்கு என் வணக்கம். கோணேசப் பெருமான் உங்களை இந்த வழக்குத் தவிர மற்ற எல்லா வழக்கிலும் வெல்ல வைக்கட்டும்.

இப்படிக்கு,
வீரத் தழும்புடன்,
இராகுலன்

பி.கு.: உறையை ஒட்டமுதல் ஒரு சங்கதி. இன்று பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் ரீச்சர் மைக்கைப் பிடித்து, செத்த திருக்கை உட்பட முழுக் கதையையும் சொல்லிவிட்டார். நான் வரிசையிலேயே குந்திவிட்டேன். கூட்டம் கலைந்ததும் சின்னப் பிள்ளைகள் சுற்றி வளைத்தார்கள். "அண்ணை, ஜெயரூபி ரீச்சர் ஓடின காரோ? அதில அடிபட்டும் உயிரோட நிக்கிறீங்களோ?" அப்போதிருந்து நிப்றாஸ் என் புத்தகப் பையையும் சேர்த்துச் சுமக்கிறான். வழக்கை விடவேண்டாம் சித்தப்பா. 'கார்' என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், ரீச்சரின் பெயரை அதைவிடப் பெரிதாக. சாட்சி சொல்லச் சனிக்கிழமை அவரே வவுனியாவுக்கு உங்களிடம் வருகிறார். காரில்தான். உங்கள் வீட்டுக் கேற்றடியில் நிற்கவேண்டாம்.