பெரிய கரடு ஜெயித்த ஆறு சென்டிமீட்டர்

அளவெடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காமலே அளந்து சொல்வோம். கல்யாணப் பந்தலுக்குப் போனால் சாப்பாட்டைக் கவனிக்காமல் பந்தல் எத்தனை அடி என்று பார்ப்போம். பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாகச் சுவர் எழுப்பினால், ஒரு இஞ்சு சாய்ந்திருக்கிறது என்று போய்ச் சொல்லிவிட்டு வருவோம். (எங்களுக்கு நண்பர்கள் குறைவு.) எனக்குக் கல்யாணமான புதிதில் இந்த வியாதி முற்றிப்போயிருந்தது. அதன் பலனாக, பிறந்த ஊர், புகுந்த ஊர் இரண்டுக்கும் முன்னால் நின்று, எனக்கு அளக்கத் தெரியவில்லை என்று மைக்கில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் வழியில், உள்ளே தள்ளி இரண்டு கரடுகள் இருக்கின்றன. மலை என்று சொல்லக் கூச்சமாக இருக்கும் அளவுக்குச் சின்னதான, பாறையும் முள்ளுமான குன்றுகளை எங்கள் பக்கம் கரடு என்போம். ஒன்று பெரிய கரடு, இன்னொன்று சின்னக் கரடு. நடுவில் இரண்டு கிலோமீட்டருக்கு மரவள்ளிக்கிழங்குக் காடு. எங்கே நின்று பார்த்தாலும் இரண்டும் ஒரே உயரமாகத்தான் தெரியும். பெயர் வைத்தவர்கள் பெரிய கரட்டுக்காரர்களாக இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் அப்பாவின் கருத்து. நான் பிறந்தது சின்னக் கரட்டு அடிவாரத்தில். வாழ்க்கைப்பட்டது பெரிய கரட்டு அடிவாரத்தில்.

கார்த்திகை தீபத்தன்று இரண்டு உச்சியிலும் விளக்கேற்றுவார்கள். பெரிய கரட்டில் ஏற்றுகிற முறை என் மாமனார் குடும்பத்துக்கு. சின்னக் கரட்டில் எங்கள் அப்பா குடும்பத்துக்கு. உயரமான கரட்டில் முதலில் ஏற்ற வேண்டும், அது எரிவதைப் பார்த்த பிறகுதான் மற்றதில் ஏற்ற வேண்டும் என்பது வழக்கம். அதாவது ஒவ்வொரு வருஷமும் எங்கள் அப்பா திரியை எண்ணெயில் நனைத்துவிட்டு, தீப்பெட்டியும் கையுமாக, காற்றில், எதிர்க் கரட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். என் மாமனார் அங்கே மேலே உட்கார்ந்து, ஃபிளாஸ்கில் கொண்டுபோன டீயை நிதானமாகக் குடித்துவிட்டு ஏற்றுவார். இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

கல்யாணத்துக்குப் பிறகு நடந்த முதல் விருந்திலேயே இந்தப் பேச்சு வந்துவிட்டது. அப்பா ரிக் லாரியில் முப்பது வருஷம் ஊர் ஊராகப் போர்க் கிணறு போட்டவர், குரல் கொஞ்சம் பெரிது. மாமனார் கோழிப்பண்ணைக்காரர், மெதுவாகப் பேசித்தான் வெறுப்பேற்றுவார்.

"ஏனுங்க சம்பந்தி, பேருல பெருசுன்னா உசரத்துலயும் பெருசுன்னு எவன் சொன்னான்?" என்றார் அப்பா.

"கண்ணுல பாத்தாலே தெரியுதுங்களே," என்றார் மாமனார், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "நீங்க வேணும்னா கண்ணாடிய மாத்திப் பாருங்க."

என் மாமியார் இருவருக்கும் பொதுவாக அப்பளத்தை வைத்துப் பேச்சை மாற்றப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு புது மருமகள் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டு மோர் ஊற்றுவதுதான். நான் செய்தது வேறு.

"அளந்துட்டாப் போச்சு மாமா," என்றேன். "எங்க ஆபீஸ்ல மெஷின் இருக்கு. ஒரு சென்டிமீட்டர் அங்க இங்க போகாது."

சேலத்தில் ஒரு சர்வே கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. சாலைக்கும் வாய்க்காலுக்கும் மட்டம் பார்ப்பது, செயற்கைக்கோள் சிக்னலை வைத்து உயரம் கண்டுபிடிப்பது. (ஒரு சென்டிமீட்டர் என்று நான் சொன்னது பச்சைப் பொய். உயரத்தில் மூன்று சென்டிமீட்டர் வரை அந்தக் கருவியே முன்னே பின்னே காட்டும். விருந்தில் அதையெல்லாம் யார் சொல்வார்கள்?) இரண்டு ஊரும் கூடிப் பேசின. அளந்து எது உயரமோ, இந்த வருஷத்திலிருந்து அதில்தான் முதல் விளக்கு என்று முடிவாகிவிட்டது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மனுஷனின் பரம்பரை உரிமையை நான் பந்தியில் வைத்துப் பந்தயம் கட்டியிருக்கிறேன் என்பது அன்று இரவு என் கணவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டுக் கருவியை எடுத்து வந்தேன். இரண்டு கரடுகளுக்கும் நடுவில், அந்த மரவள்ளிக் காட்டுக்குள் ஒரு கருவியை நிறுத்தியாயிற்று. இன்னொன்றை இரண்டு மீட்டர் கம்பத்தின் தலையில் மாட்டி உச்சிக்கு உச்சி கொண்டுபோக வேண்டும். காலையில் சின்னக் கரடு. உச்சி தட்டையான பாறை. நானே கம்பத்தை ஊன்றி, இரண்டு துணைக்கால்களையும் விரித்து, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து அளந்தேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் உயரம் குறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

பெரிய கரட்டில்தான் சிக்கல். அதன் உச்சி ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் ஒரு தனி உருண்டைப் பாறை. மண்டைப்பாறை என்பார்கள். அதுதான் கரட்டுச்சாமியின் தலை. பூசாரியைத் தவிர யாரும் அதன்மேல் கால் வைக்கக் கூடாது. விளக்கு ஏற்றும்போது என் மாமனார்கூடக் கீழே நின்று தீயைக் கொடுப்பார், பூசாரி வாங்கி மேலே வைப்பார்.

ஆகவே பூசாரிக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். கம்பத்தில் ஒரு சின்ன நீர்க்குமிழி இருக்கும், அது வட்டத்துக்கு நடுவில் நிற்க வேண்டும், துணைக்கால்களை இறுக்க வேண்டும், பிறகு தொடக் கூடாது. அறுபது வயது மனிதர், என் பேராசிரியர்களைவிடக் கவனமாகக் கேட்டார். கம்பத்தோடு மேலே ஏறினார். கீழே இருந்த எனக்கு அவருடைய தலையும் கம்பத்தின் பாதியும்தான் தெரிந்தன.

"ஊனியாச்சுங்களா?"

"ஊனியாச்சு அம்மணி!"

"குமிழி நடுவுல நிக்குதுங்களா?"

"அசையாம நிக்குதுங்க!"

கம்பத்தின் அடியைப் படம் எடுக்காமல் எந்த அளவையும் ஏற்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். பூசாரியிடம் என் போனைக் கொடுத்திருந்தால் எடுத்திருப்பார். கொடுக்கவில்லை. என் கணவர் எதிரே இருந்த பாறையில் ஏறி, பெரிய கேமராவால் பூசாரியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. கம்பத்தின் இரண்டு மீட்டரை மறக்காமல் கழித்தேன். அதில் எனக்கு அன்று அத்தனை கர்வம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரிய கரடு ஆறு சென்டிமீட்டர் உயரம்.

ஆறு சென்டிமீட்டர் என்பது ஒரு தீப்பெட்டியின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அதற்கு ஊரில் பட்டாசு வெடித்தார்கள். கோயில் முன்னால் மைக் கட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் செயற்கைக்கோள்களைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். (ஒருவருக்கும் புரியவில்லை. எனக்கே அன்று பாதிதான் புரிந்திருந்தது.) மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்து, யாரோ தனக்கே விருது கொடுப்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா என்னிடம் வந்து, "சரி சாமி, அளவுன்னா அளவுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் பொன்னாடையைக் கழற்றவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் பெரிய கரடு இன்றைக்கும் ஜெயித்தபடியே இருந்திருக்கும். ஊர் இளைஞர்கள் விடவில்லை. பஸ் ஸ்டாப்பில் பதினைந்து அடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். மேலே ஒரு மூலையில் என் கல்யாண போட்டோ, 'விண்ணை வைத்து மண்ணை அளந்த எங்கள் ஊர் மருமகளே' என்ற வாசகம். நடுவில் என் கணவர் எடுத்த படம். மண்டைப்பாறை மேல் பூசாரி, கையில் வேல் பிடித்ததுபோலக் கம்பத்தைப் பிடித்து நிற்கிறார்.

கார்த்திகைக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பா எனக்குப் பலகாரம் கொண்டு வந்தார். பஸ் இறங்கியதும் போன் செய்தார். "இங்க கொஞ்சம் வந்துட்டுப் போ கண்ணு." போனேன். ஃபிளெக்ஸுக்கு முன்னால், கழுத்தை வளைத்து, அதன் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏஞ்சாமி, அந்தக் கம்பி எது மேல நிக்குது?"

போர் போடுகிறவர்கள் குழாயைப் பார்க்கிற விதம் வேறு. நாமெல்லாம் மேலே தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போம், அவர்கள் அடியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நானும் குனிந்து பார்த்தேன். பதினைந்து அடி படத்தில் பளிச்சென்று தெரிந்தது. கம்பத்துக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு மணைப்பலகை. அதன்மேல் நான்காக மடித்த பச்சைத் துண்டு. அந்த ஃபிளெக்ஸுக்கு அடியில் நான்கு நாளாக நான் தினமும் சேலம் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். என் முகம் நன்றாக வந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன்.

இருவருமாகப் பூசாரி வீட்டுக்குப் போனோம். அவருக்கு நாங்கள் கேட்டதே புரியவில்லை.

"கூர் வெச்ச இரும்பைச் சாமி தலையில ஊனுவாங்களா அம்மணி? உங்க தலையில ஊனினா நீங்க சும்மா இருப்பீங்களா? அதானுங்க பலக போட்டேன். வெறும் பலகையா இருக்கக் கூடாதுன்னு துண்டையும் மடிச்சு வெச்சேன். எதோ குத்தமுங்களா?"

ஒரு குற்றமும் இல்லை. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார். அந்தப் பலகையையும் துண்டையும் வாங்கி, கம்பத்தை மேலே நிறுத்தி டேப் வைத்தேன். ஒன்பது சென்டிமீட்டர். ஆறில் ஒன்பது போனால் சின்னக் கரடுதான் மூன்று சென்டிமீட்டர் உயரம். அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. உடனே அதை அடக்கிக்கொண்டார்.

"நீ வாழ்ற ஊரு இது. நீ சொல்லாட்டி நானும் சொல்ல மாட்டேன்," என்றார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். இப்படிச் சொன்ன பிறகு என்ன செய்வது? இன்னும் ஒரு வருஷம் இவர் தீப்பெட்டியோடு காற்றில் நிற்பார், எனக்காக. வீட்டுக்குப் போய் மாமனாரிடம் சொன்னேன். அவர் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"எத்தன பேருக்குத் தெரியும்?"

"நாலு பேருக்குங்க மாமா. ஃபிளெக்ஸ்ல இருக்குங்க."

ஃபிளெக்ஸ் என்றதும் கை நின்றது. அன்று சாயங்காலமே ஊரைக் கூட்டினார், சின்னக் கரட்டுக்காரர்களையும் வரச்சொன்னார். பொன்னாடை போர்த்திய அதே மைக். நான் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். சின்னக் கரட்டுப் பக்கம் விசில் பறந்தது. அப்போது எனக்கு இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று சென்டிமீட்டர் என்பது கருவியின் தவறுக்குள்ளேயே அடங்கிவிடும், ஆகவே எது உயரம் என்று சொல்ல முடியாது என்றேன். விசில் நின்றது.

"அப்ப உன்ற மிசினுக்கே தெரியாதா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"தெரியாதுங்க."

"அப்பறம் எதுக்கு அம்மணி அத்தனை நேரம் செயற்கைக்கோளப் பத்திப் பேசுன?"

இரண்டு ஊரும் ஒற்றுமையாகச் சிரித்தது அன்றுதான். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சிரிப்பு அடங்கியதும் பெண்கள் பக்கத்திலிருந்து என் மாமியார் எழுந்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது? ரெண்டு பேரு கையிலயும் போன் இருக்குது. பேசிக்கிட்டு ஒண்ணா ஏத்தறதுக்கு என்ன கேடு?"

அப்படியே முடிவாயிற்று. ஃபிளெக்ஸை எடுக்க மனமில்லாத இளைஞர்கள், பலகை தெரிந்த இடத்தில் 'தீபத் திருநாள் வாழ்த்துகள்' என்று ஒரு தாளை ஒட்டினார்கள். என் முகத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தக் கார்த்திகையன்று மண்டைப்பாறைக்குக் கீழே மாமனார் போனை ஸ்பீக்கரில் போட்டார். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அப்பாவின் குரலோடு காற்றின் இரைச்சலும் வந்தது. "ஏனுங்க சம்பந்தி, ஏத்தலாமுங்களா?" மாமனார் கொஞ்ச நேரம் அந்தக் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக எதிர்ப் பக்கம் எப்படிக் காற்றடித்தது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். ஃபிளாஸ்கைத் திறக்கவே இல்லை. "ஏத்துங்க, ஏத்துங்க," என்றார் அவசரமாக.

ஒன்பது வருஷமாக அப்படியேதான் நடக்கிறது. நடுவில் இன்னும் நல்ல கருவி வாங்கினோம், அரை சென்டிமீட்டர்கூடத் தப்பாது. மறுபடி அளக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேண்டாம் சாமி, நம்முளுது கொறஞ்சிருந்தா என்ன பண்றது?" என்றார். மாமனாரும் தனியாகக் கூப்பிட்டார். அவர் சொன்னதும் அதேதான், குரல்தான் சின்னது.

போன வாரம் என் மாமியார், பேத்தியைக் கதவோரம் நிறுத்தி, எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பென்சிலால் கோடு போட்டார். அளந்து கொடுக்கலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு நான் போனேன். மாமியார் என்னைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் குனிந்து குழந்தையின் பாவாடையைத் தூக்கி, காலுக்கு அடியில் பார்த்தார்.

"உங்கம்மா வாரா கண்ணு. பலக கிலக இருந்தா இப்பவே எடுத்துரு."