கப்பல் அண்ணனும் அம்பதாம் நம்பர் எண்ணெயும்

கடலையே பார்க்காமல் கப்பல்காரன் என்று பெயர் வாங்கியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எனக்கு அண்ணனாகப் பிறந்தது என் தலையெழுத்து.

எழுபதுகளில் கேமரன் மலையில் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை ஓட்டியது ஒரு படகு எஞ்சின். லூமுட் துறைமுகத்தில் உடைத்த பழைய இழுவைப் படகிலிருந்து கழற்றி, லோரியில் மலையேற்றிக் கொண்டுவந்தார் துரை. அதை ஓட்டும் வேலை அண்ணனுக்கு. அன்றிலிருந்து அவர் "கப்பல்". அதே தொழிற்சாலையில் தூள் சலித்துக்கொண்டிருந்த நான் "கப்பல் தங்கச்சி".

எஞ்சினை அண்ணன் "பெரியவர்" என்றுதான் சொல்வார். பெரியவர் நீலப்புகை விடுவார், எண்ணெய் குடிப்பார். எண்ணெய் எப்படி இருக்கிறது என்று அண்ணன் விரலில் தொட்டுத் தேய்ப்பார், மோப்பம் பிடிப்பார், கடைசியில் நக்கியும் பார்ப்பார். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு அது பரவுவதை உற்றுப் பார்ப்பார். துணி யாருடையது என்பது பற்றி அவருக்குக் கவலையில்லை.

கம்போங் ராஜாவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் கைக்குட்டையை வாங்கினார். முகம் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து பெரியவரின் எண்ணெய் இருந்த சின்ன சீசாவை எடுத்துக் கைக்குட்டையில் கவிழ்த்தார்.

"ச்சே, பெரியவரு இனி தாங்க மாட்டாரு" என்றார் துக்கத்தோடு. "உள்ள பூரா கசடு. காலையில இருமுறாரு, கறுப்பா கக்குறாரு."

மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் கீழே வைத்தார். "யாருங்க அது? பொண்ணோட தாத்தாவா? அது ஒட்டிக்கிற சீக்காச்சே!"

"வீட்டுல இல்லீங்க, தொழிற்சாலையில இருக்காரு. நாந்தான் தினம் தொடச்சு விடுறேன்."

அந்த அம்மா எழுந்தே விட்டார். நான் அடுப்படியில் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை காய்கறி லோரி ஓட்டுபவர். அவருக்கு மட்டும் விஷயம் புரிந்து வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பால்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது.

கல்யாணமான பிறகும் நான் அதே தோட்டத்தில்தான் வேலை செய்தேன். ஈப்போவிலிருந்து எண்ணெய் விற்க வரும் தொப்பைக்காரர் ஒருநாள் எஞ்சின் அறை வாசலில் அண்ணனிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எஞ்சின் புத்தகத்துல முப்பதாம் நம்பர்தான் போட்டிருக்கு. நீங்க கேக்குற அம்பது ரொம்பக் கெட்டி லா. இந்தக் குளிருக்கு டோடோல் அல்வா மாதிரி ஆயிடும்."

"புத்தகம் எழுதுறப்ப பெரியவரு குமரன் லா. இப்ப உள்ள எல்லாம் தேஞ்சு போச்சு. தண்ணியா ஊத்துனா புகையாப் போயிடும். கெட்டியா ஊத்துனாத்தான் நிக்கும்."

துரை அண்ணன் பேச்சைத்தான் கேட்டார். அம்பது வந்தது. புகை குறைந்தது. அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. கோயில் திருவிழாவில்கூட, சாமி கும்பிட வந்தவர்களை நிறுத்தி எண்ணெயைப் பற்றிப் பேசினார். நான் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன்.

பிறகு ஒரு மழைக்காலம். கொழுந்து வந்து குவிந்திருந்தது. விறைக்கிற குளிர். சூடேற நேரம் கொடுக்காமல் அண்ணன் எஞ்சினைக் கிளப்பி, உடனே முழு வேகத்தில் விட்டார். களியாக இறுகியிருந்த எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஆட்டை அறுப்பது போல ஒரு சத்தம். சலிக்கும் அறையில் நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். பேரிங் உருகி எஞ்சின் நின்றது.

வாட வைத்திருந்த கொழுந்து முழுவதும் சூடேறிப் புளித்தது. அதை அள்ளிப் பள்ளத்தில் கொட்டினார்கள். கொட்டியவர்கள் அதைப் பறித்த அதே பெண்கள். அண்ணன் எஞ்சின் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டார்.

துரை தொப்பைக்காரரை வரவழைத்து எஞ்சின் அறை வாசலில் வைத்துக் கத்தினார். "கெட்ட எண்ணெய் குடுத்துட்டே! இனிமே இந்தத் தோட்டத்துல கால் வைக்காதே!" அண்ணன் பேசாமல் இருந்திருந்தால் பழி அந்த மனிதரோடு ஈப்போவுக்குப் போயிருக்கும்.

தாழ் திறந்தது.

"எண்ணெய் நல்ல எண்ணெய்தான் துரை. அவரு வேணாம்னாரு. நாந்தான் பிடிவாதமாக் கேட்டேன். தப்பு என்னோடது."

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கும் வந்தார். எஞ்சின்காரருக்கு அங்கே வேலையில்லை. கூடையோடு நின்ற பெண்கள் முன்னால், தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். ஊருக்கே கேட்கும் குரல் அவருக்கு. அன்றைக்கு முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நீங்க மழையில பறிச்சது... என் வாய்க்கொழுப்பால வீணாப் போச்சு. மன்னிச்சிடுங்க."

ஓரமாக நின்ற எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்றிருந்தது. முன்வரிசையில் நின்ற முத்தம்மாக்கா கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

"சரி, சரி. போய் அந்த எஞ்சினைப் பாரு தம்பி. இன்னிக்கும் கொழுந்து வருமில்ல?"

அண்ணன் தலையாட்டிவிட்டு, எங்கள் எல்லார் கண்ணுக்கும் எதிரே, தொழிற்சாலையைப் பார்த்து நடந்தார்.

அன்றைக்கு முழுவதும், "அந்தக் கப்பல் உனக்கு யாரு?" என்று யாராவது என்னைக் கேட்க மாட்டார்களா, "என் அண்ணன்" என்று சொல்லிக்கொள்ள மாட்டேனா என்று ஏங்கினேன். எல்லாருக்கும்தான் தெரியுமே, ஒருவரும் கேட்கவில்லை.