மூளை நாதமும் சுடுதண்ணிப் பானையும்

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடமில்லை. வரிசை ஜெர்மன் எல்லையைத் தொட்டது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். மண்டபத்துப் புல்வெளியைத் தாண்டியது உண்மை. கல்யாணத்துக்கே தாலி கட்டி முடிந்தபிறகு வரும் எங்கள் சனம், அன்று கதவு திறக்குமுன்பே நின்றது. மூளை வளர்க்க வந்திருந்தது. அதற்கான தேவை இருந்ததை நான் மறுக்கமாட்டேன்.

வளர்ப்பவர் 'நாதச் செல்வர்' கஜதீபன். ஒடென்சேயில் கைத்தொலைபேசி உறை விற்றவர். இப்போது காதில் ஹெட்போன் மாட்டி, ஒலியலையால் மூளையைத் தட்டி எழுப்புகிறார். கணக்கு வருமாம், கற்பனை ஊறுமாம். சைவக்காரருக்கு அது ஓங்கார அலை. சபைக்காரருக்கு எரிகோ மதிலை விழுத்திய எக்காள அலை. டெனிஷ்காரருக்கு நியூரோ ஏதோ.

"மந்த மூளைக்கு இது கேளாது" என்று முதலே சொல்லிவைத்திருந்தார். பிறகு எவருக்குக் கேளாமல் போகும்? காற்றாலைத் தொழிற்சாலை இரைச்சலில் காதைப் பறிகொடுத்த குணசேகரம் அண்ணைக்கே கேட்டது. மனைவி கூப்பிட்டால்தான் கேளாது.

நான் வடைக்காகத் தேநீர் மேசையருகே நின்றேன். பக்கத்துக் கதிரையில் சுஜாந்தினியும் மகள் மிதுஷாவும். மகளுக்கு அடுத்த மாதம் ஒன்பதாம் வகுப்பு இறுதிச் சோதனை. நூலகத்தில் பின்னேரம் நடக்கும் கணக்கு உதவி வகுப்பைத் தாய் நிறுத்திவிட்டார். நாதம் போதும் என்று கஜதீபன் சொல்லியிருந்தார்.

"அம்மா, எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. நான் பெயில்தான்."

"மெல்லக் கதை. ஆக்கள் என்ன நினைப்பினம்?"

இது தேநீர்ப் பொறுப்பான லூர்தம்மாவின் காதிலும் விழுந்தது. அவர் சுவரடிக்குப் போனார். ஒலி அனுப்பும் பெட்டியும் சுடுதண்ணிப் பானையும் சேர்ந்து ஓடினால் அந்த மண்டபத்துப் பியூஸ் போய்விடும். ஒன்றைக் கழற்றித்தான் மற்றதைப் போடவேண்டும்.

மேடையில் கஜதீபனும் ஹெட்போனோடு கண்மூடியிருந்தார். "இப்ப நாதம் மேல ஏறுது. இடப்பக்கம் கூசுதோ?"

"ஓம் சேர்," என்றது மண்டபம்.

"எனக்கு மயில் நிறமாத் தெரியுது," என்றார் குணசேகரம் அண்ணை.

"தம்பி, உங்களுக்கும் கேக்குதோ?" என்றார் லூர்தம்மா. ஹெட்போன் போட்ட காதுக்கு அது தெளிவாகக் கேட்டது. குறுக்கே நிற்க நாதம் ஏது?

"தேனா ஓடுது, அக்கா."

"அப்ப கண்ணைத் திறந்து பாருங்கோ."

பெட்டியின் பிளக் லூர்தம்மாவின் கையில் ஆடியது. சுவரோரம் பானை கொதித்தது.

"அது... முந்தி வந்த அலையின்ர மிச்சம், அக்கா."

"போன கிழமையும் தொடங்கமுன்னமே கழட்டினனான். அது எதின்ர மிச்சம்? சரி, ஒண்டு செய்வம். திரும்பி நில்லுங்கோ. நான் போடுறன், கழட்டுறன். எப்ப நாதம் வருகுது எண்டு சொல்லுங்கோ, அது போதும்."

காரில் வந்த கஜதீபனுக்குத் திடீரென்று பஸ் நேரம் ஞாபகம் வந்தது.

குணசேகரம் அண்ணை மயிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வடையைக் கடித்தார். சுஜாந்தினி மகளின் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார்.

"நாளைக்கு லைப்ரரிக்குப் போ, பிள்ளை."

"நீங்களும் வாங்கோ," என்றாள் மிதுஷா.

அத்தனை பேரில் மூளை வேலை செய்தது, கேட்கவில்லை என்று சொன்ன அந்தப் பிள்ளைக்குத்தான். உங்கள் காதில் எவராவது எதையாவது மாட்ட வந்தால், முதலில் பிளக் எங்கே என்று பாருங்கள். இரண்டு காதுக்கும் நடுவில் இருப்பது பிளக் இல்லாமலே ஓடும். ஒருமுறை பாவித்துத்தான் பாருங்களேன்.