ரைட் சொன்னால்தான் நகருவார்

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே ஓட்டிவிட முடியுமா, சொல்லுங்கள்? நாங்கள் ஓட்டினோம். அந்த வார்த்தை ‘ரைட்’.

நான் பஸ் கண்டக்டர். என் வீட்டுக்காரர் அதே பஸ்ஸுக்கு டிரைவர். கல்யாணத்துக்கு முன்னால் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை மொத்தமும் அந்த ஒரு சொல்தான். நறுக்கென்று ‘ரைட்’ என்றால், கிளம்பு. ‘ரைட்ட்டே’ என்று இழுத்தால், வயசானவர் ஒருத்தர் இன்னும் உட்காரவில்லை, பையப் பைய எடு. ‘ரைட் ரைட் ரைட்’ என்றால், பின்னால் இன்னொரு வண்டி முட்டிக்கொண்டு வருகிறது, மிதி! நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். டீச்சர் என் நோட்டில் ரைட் போட்டது ரொம்பக் குறைவு. அந்தக் குறையை பஸ்ஸில் தீர்த்துக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம், நல்ல மழை. பஸ்ஸில் ஈ காக்கா இல்லை. ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

“உங்க வீட்டுல வந்து பேசட்டுமா?”

எனக்கு வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். “ரைட்.”

மனுஷன் கியரைப் போட்டு வண்டியை எடுத்துவிட்டார்!

“ஐயோ, நான் சொன்னது வண்டிக்கு இல்லீங்க!” என்று பின்னாலிருந்து கத்தினேன். அடுத்த ரெண்டு ஸ்டாப்பில் அவர் நிறுத்தவே இல்லை. கையைக் காட்டிக்கொண்டு நனைந்தவர்கள் எங்களைத் திட்டியிருப்பார்கள். அந்தத் திட்டைத்தான் முதல் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டோம். இன்றைக்கும் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கல்யாணம் ஆன பிறகும் பழக்கம் போகவில்லை. சாப்பிட்டு முடித்தும் தட்டு முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். ‘ரைட்’ என்றால்தான் கை கழுவ எழுந்திருப்பார். சில நாள் மறந்துவிடுவேன். கை காய்ந்துபோய் உட்கார்ந்திருப்பார், பாவம்.

அப்புறம் பிள்ளை பிறந்தது. லீவு எடுத்தேன். லீவும் முடியப்போகிற நேரத்தில்தான் இவருக்கு ஞானம் பிறந்தது.

“இனிமே நீ எதுக்கு வெயில்ல அலையணும்? நான் ஒருத்தன் ஓட்டுனா போதாதா?”

“டிக்கெட் குடுக்க ஆள் இல்லாம ஓட்டுனா அது ஊர்வலம். பஸ் இல்ல.”

“பிள்ளையை யாரு பாக்கிறது?”

“உங்க அக்கா. அடுத்த தெருதானே. நான் பாத்துக்கிறேன்னு அவங்களே சொன்னாங்க.”

“அக்காவுக்கு இடுப்பு வலி. வெளிய சொல்லாது, பாவம். அப்புறம், மேனேஜரையும் கேட்டுட்டேன். இப்போதைக்கு டிப்போவுல இடமே இல்லையாம்.”

“ரைட்டு,” என்றேன் நான்.

பெண்டாட்டி சொல்கிற ரைட்டுக்கும் கண்டக்டர் சொல்கிற ரைட்டுக்கும் வித்தியாசம் உண்டு. அது தெரியாமல் குறட்டை விட்டுத் தூங்கினார்.

மறுநாள் அவர் டிரிப்பில் இருக்கும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனேன்.

மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். “என்னம்மா, உடம்பு தேவலையா? எழுந்து நடக்கவே முடியலைன்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரே?”

“அவர் உடம்பைச் சொல்லியிருப்பாரு சார். தட்டு முன்னாலேருந்து எழுந்திருக்க மாட்டேங்கிறாரு.”

“அப்ப டியூட்டிக்கு வர்றியா? எந்த வண்டி போடட்டும்?”

“இது என்ன சார் கேள்வி?” என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

அங்கிருந்து நேராக நாத்தனார் வீடு. கனத்த போர்வையைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

“இடுப்பு வலியாமே அண்ணி?”

“எனக்கா? எவன் சொன்னது?”

“உங்க தம்பி.”

போர்வை இன்னும் ரெண்டு சுற்று முறுக்கிக்கொண்டது. அதை என் வீட்டுக்காரரின் காதாக நினைத்துக்கொண்டார் போல.

லீவு முடிந்த நாள். காலையில் எனக்கு டாட்டா காட்டிவிட்டு சந்தோஷமாகக் கிளம்பினார். மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் மாறுகிற நேரம். நானும் நாத்தனாரும் பிள்ளையும் பின்வாசல் வழியாக ஏறினோம். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். வண்டி நிறையக் கூட்டம். தோல் பையைத் தோளில் மாட்டினேன். இத்தனை நாள் பிள்ளை தலை சாய்ந்த தோள். பாரம் பழகிப்போய்த்தான் இருந்தது.

மூச்சை இழுத்து நறுக்கென்று சொன்னேன். “ரைட்!”

கால் கிளட்சை மிதித்தது, கை கியரைப் போட்டது, வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் காதுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. கண்ணாடியில் ரெண்டு கண் பிதுங்கியது.

“ஏய்! நீ எங்க இங்க?”

“டிரைவரோட பேசக் கூடாதுன்னு உங்க தலைக்கு மேலேயே எழுதியிருக்கு சார்.”

“இடமே இல்லன்னு சொன்னாரே மேனேஜர்!”

“வாசல்ல நிக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க சார். உள்ள தள்ளிப் போனா இடம் இருக்கும்.”

முன்சீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த நாத்தனார் கணீரென்று ஆரம்பித்தார். “டேய், என் இடுப்பைப் பத்தி ஊரெல்லாம் என்னடா சொல்லிவச்சிருக்கே?”

பஸ்ஸே சிரித்தது. நடுரோட்டில் நிறுத்தவும் முடியாது, இறங்கி ஓடவும் முடியாது. அவர் பிடரி மட்டும் சிவந்துகொண்டே போனது.

நாலைந்து ஸ்டாப் தாண்டியிருப்போம். கைத்தடி வைத்த பெரியவர் ஒருத்தர் ஏறினார். நான் ‘ரைட்ட்டே’ என்று இழுத்தேன். வண்டி தண்ணீரில் படகு நகர்கிற மாதிரி நகர்ந்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படி! கண்ணாடியில் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சட்டென்று ரோட்டைப் பார்த்தார்.

கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கினார்கள். நாத்தனாரும் தூங்கிப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போனார். இவர் மட்டும் இறங்காமல், சுத்தமாக இருந்த ஸ்டியரிங்கையே துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், கோபமா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.” துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “இத்தனை நாள் என்கூட வந்தவன் விசிலா ஊதித் தள்றான். காது ரெண்டும் போச்சு.”

“அதுக்கு?”

குரல் இறங்கிவிட்டது.

“நாளைக்கும் உன்னை இந்த வண்டிக்கே போடச் சொல்லி, நீயே மேனேஜர்கிட்ட கேளேன். நான் கேட்டா அந்த ஆளு சிரிப்பாரு.”