தம்பியின் வங்கியும் என் மூன்று சதவீதமும்

க்ரேட்ஸீல்,
செப்டம்பர் 9, செவ்வாய்

அன்புக்கும், இப்போதைக்குக் கோபத்துக்கும் உரிய தம்பி ஹப்போவுக்கு, அக்கா ஹில்கா எழுதிக்கொள்வது. நான் நலம், என் இடது முழங்கால் நலமில்லை. நீயும் ஃப்ராவ்கேயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுமென்று, கோபத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, விரும்புகிறேன்.

உன் அறுபதாவது பிறந்தநாள் அழைப்பு வந்தது. அட்டை நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் அடியில், "அக்கா, விருந்தாளிகளிடம் வட்டியைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று உன் கைப்பட எழுதியிருக்கிறாயே, அதை வாசித்ததுமே முடிவு செய்துவிட்டேன், வர மாட்டேன். வங்கிக் கிளை மேலாளர் வீட்டில் வட்டியைப் பேசக்கூடாது என்றால் பிறகு எதைப் பேசுவது, உன் தோட்டத்து முட்டைக்கோஸையா?

யார் முதலில் ஆரம்பித்தது என்பதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஃபோல்கர்ட் இறால் படகில் நாற்பது வருடம் உப்புத் தண்ணீரில் நனைந்து கட்டிய காப்பீட்டுப் பணம், நாற்பத்து மூவாயிரம் யூரோ, உன் கிளையில் படுத்துக் கிடந்தது. ஜனவரியில் வருட வட்டி வந்தது, நாற்பத்து மூன்று யூரோ. அதே தாளில் கணக்குப் பராமரிப்புக் கட்டணம், அறுபது யூரோ. என் பணம் உன் வீட்டில் தங்குவதற்கு நான் வாடகை கொடுத்திருக்கிறேன்! தாளைத் தூக்கிக்கொண்டு உன் மேசைக்கு வந்தேன். நீ என்ன சொன்னாய்? "அக்கா, இங்க இருந்தா நிம்மதியா தூங்கலாம்ல." "நான் தூங்குறேன்டா, பணமும் சேர்ந்து ஏன் தூங்குது?" என்று கேட்டேன். நீ கலங்கரை விளக்கப் படம் போட்ட நாட்காட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பினாய்.

அன்று மாலையே முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் வீப்கே கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னாள், "என்னோடது லித்துவேனியாவுல ஒரு வங்கியில இருக்கு. மூணு சதவீதம். எப்ப வேணா எடுத்துக்கலாம்." வங்கி விழுந்தால் என்று கேட்டேன். "ஒருத்தருக்கு ஒரு லட்சம் வரைக்கும் உத்தரவாதம், நம்ம ஊர்ல இருக்குற அதே ஐரோப்பிய சட்டம்தான்" என்றாள். நான் அவசரக்காரி இல்லை. மூன்று வாரம் பதினான்கு வங்கிகளின் நிபந்தனைகளை, கண்ணாடி மேல் பூதக்கண்ணாடி வைத்து, பொடி எழுத்து உட்பட வாசித்தேன். முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், கண்ணாடியில் பார்க்காமல் எந்தத் தெருவிலும் திரும்பியதில்லை.

பிறகு அலைபேசியில் முகத்தைக் காட்டி அடையாளத்தை நிரூபிக்கச் சொன்னார்கள். வீட்டில் சிக்னல் வராது என்பது உனக்கே தெரியும், கடலோரக் கரைமேட்டில் ஏறி, ஆடுகளுக்கு நடுவே நின்றேன். திரையில் அடையாள அட்டையைச் சாய்க்கச் சொன்ன வங்கிப் பெண் திடீரென்று, "அம்மா, உங்க பின்னால யாரோ இருக்காங்க. இந்த நேரத்துல நீங்க தனியா இருக்கணும்" என்றாள். "அது ஆடும்மா." "உங்களை யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?" "ஆடா?" என்றேன். அதற்குள் அது என் கோட்டுப் பையிலிருந்த படிவத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. நான்கு முறை முயன்று கணக்கைத் திறந்தேன்.

பணத்தை அந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி உனக்கு எழுதினேன். நீ என்ன செய்தாய்? "வயதான பெண்மணி, மோசடிக்கு ஆளாகிறார்" என்று காவல் நிலையத்துக்குச் சொன்னாய். கூடப் பிறந்தவளை! காவலர் ஐலர்ட் என் வாசலில் வந்து நின்றான், தெருவே ஜன்னலில் நின்றது. அவமானமாக இருந்தது ஹப்போ, அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் உட்கார வைத்துத் தேநீர் ஊற்றினேன். முதல் கோப்பையில், "ஹில்காம்மா, உங்ககிட்ட போன்ல யாராவது பணம் கேட்டாங்களா?" என்றான். இரண்டாவது கோப்பையில் என் குறிப்புகளைப் புரட்டினான். மூன்றாவது கோப்பையில் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "மூணு சதவீதமா? அந்த வங்கி பேரை இதுல எழுதிக் குடுங்க" என்று தன் குறிப்பேட்டையே நீட்டினான்.

பணத்தை மாற்றி, உன் கிளையில் இருந்த கணக்கையும் மூடினேன். அதற்கப்புறம் நான் யாரையும் கூப்பிடவில்லை. ஜூன் மாதம் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து ஆறு பேர் தாமாகவே என் சமையலறைக்கு வந்தார்கள், ஆறு பேரையும் கரைமேட்டில் ஏற்றினேன். "உன்னால என் கிளையையே மூடிருவாங்க அக்கா" என்று நீ தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னாய். வாரத்தில் இரண்டு நாள் திறப்பதற்குப் பெயர் மூடுவதுதானடா. முதல் மூன்று மாத வட்டி முந்நூற்று இருபது யூரோவில், வீப்கேயுடன் பால்ட்ரும் தீவுக்குப் போய், விலைப்பட்டியலைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வெண்ணெயில் பொரித்த மீன் சாப்பிட்டேன். ஃபோல்கர்ட் இருந்திருந்தால் இன்னொரு தட்டு வாங்கியிருப்பார்.

ஆகவே பிறந்தநாளுக்கு வர மாட்டேன், உன் வங்கி வாசலையும் இனி மிதிக்க மாட்டேன், மன்னிப்பும் கேட்க மாட்டேன். நீ கேட்டால் யோசிப்பேன். மற்றபடி அறுபது வயதுக்கு அக்காவின் மனமார்ந்த ஆசிகள். இரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் போடு. ஃப்ராவ்கேக்கு என் அன்பு. அவள் உன்னைப் பொறுத்துக்கொள்வதற்காக என் மரியாதையும்.

உன் ஒரே அக்கா,
ஹில்கா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் லித்துவேனியாவிலிருந்து கடிதம் வந்தது, அடுத்த மாதம் முதல் வட்டி ஒன்றேகால் சதவீதமாம், அதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறார்களாம். உன் வங்கி ஜன்னலில் நேற்று ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்: புது வாடிக்கையாளருக்கு இரண்டரை சதவீதம், ஆறு மாதமாகக் கணக்கில்லாத எவரும் புது வாடிக்கையாளரே. நான் கணக்கை மூடி ஏழு மாதம் ஆகிறது. பாடகர் குழுவுக்கு டிசம்பரில்தான் ஆறு மாதம் முடியும், அவர்களைப் பிறகு அழைத்து வருகிறேன். வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு நீ கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்பேன். என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பது போல, எழுந்து நின்று, கை கொடுத்து வரவேற்கவும்.